குழலின் அடியில் ஒரு கல்வெட்டு

தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும், உரிமம் பெற்று வைத்திருக்கும் துப்பாக்கிகளை அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ளும்படி உத்தரவு வருவதும், வாக்கு எண்ணிக்கை முடிந்த பின் உரியவர்கள் போய் அவற்றைத் திரும்பப் பெற்று வருவதும் நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றுமறியாச் சிறுவனைக் கொண்டு அதை எடுக்கச் செய்து, கிராம வாரியங்களுக்கு ஆளைத் தேர்ந்தெடுத்த விதத்தை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதி வைத்த உத்திரமேரூருக்கும் இந்த வழக்கம் விலக்கன்று. அவ்விதம் ஒப்படைக்கப்பட்டு, எண்ணெய்த் துணியில் சுற்றியபடி வீடு திரும்பிய ஒரு துப்பாக்கியை, உத்திரமேரூருக்கு அருகே நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடும் பெரியவர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் எனக்குப் பிரித்துக் காட்டினார்.

அவருடைய உரிமப் புத்தகத்தில் அது ‘டி.பி.பி.எல்., 12 போர்’ என்று பதிவாகியிருந்தது. இரட்டைக் குழல் உடையது, தோட்டாவை வாய் வழியாக அல்லாமல் அடிப்புறத்தில் போடத்தக்கது என்பது அந்த எழுத்துகளின் பொருள். தயாரித்தவர் பெயர் எழுதவேண்டிய இடத்தில், பல காலத்துக்கு முன் யாரோ ஒரு குமாஸ்தா, ‘பி. ஆர் அண்ட் சன்ஸ், மதராஸ்’ என்று அழகிய கையெழுத்தில் எழுதியிருந்தார். அவர் வேறு எதை எழுதியிருக்க முடியும்? இரு குழல்களுக்கும் நடுவே மேற்புறத்தில் ஓடும் பட்டையில், பூவேலைப்பாட்டுக்கு நடுவில், கண்ணுக்குத் தெரிந்த ஒரே பெயர் அதுதான். “எங்க பாட்டனார் மவுண்ட் ரோடு போயி வாங்கியாந்ததுங்க ஐயா. கெடிகாரக் கம்பெனியே செஞ்சது. அவங்க செஞ்சா கேக்கணுமா?” என்றார் பெரியவர். அவர் குரலில் இருந்த பெருமிதம் நியாயமானது. ஆனால் அந்தக் கடை அதைச் செய்யவில்லை. செய்தவர் யார் என்று அறிய முயல்வது எவ்வளவு நுட்பமான சாஸ்திரம் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

பி. ஆர் அண்ட் சன்ஸ் 1849ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய நிறுவனம். மவுண்ட் ரோட்டில் அதன் மாளிகையும், அதன் உச்சியிலிருந்து நகரத்துக்கு நேரம் சொன்ன கடிகாரமும் சென்னைவாசிகள் நன்கறிந்தவை. கடிகாரம், நகை, வெள்ளிப் பாத்திரம், விஞ்ஞானக் கருவிகள் ஆகியவற்றோடு துப்பாக்கிகளையும் அது விற்றது. அக்காலத்தில் இந்தியாவின் பெரிய கடைகள் பலவும் இப்படியே செய்தன. சென்னையில் ஓக்ஸ் கம்பெனியும், கல்கத்தாவில் மாண்டன், ரோடா, லயன் அண்ட் லயன் முதலிய கம்பெனிகளும், இங்கிலாந்தின் சேனை, கடற்படை அதிகாரிகளுக்கென 1871இல் தொடங்கப்பட்டுப் பின்னர் பம்பாயிலும் கல்கத்தாவிலும் கிளை பரப்பிய ‘ஆர்மி அண்ட் நேவி’ கூட்டுறவுக் கடையும் தம் பெயர் பொறித்த துப்பாக்கிகளை விற்றுவந்தன. இவற்றுள் ரோடா கம்பெனியின் பெயர் நம் தேச சரித்திரத்திலும் ஏறியிருக்கிறது. 1914 ஆகஸ்டு 26ஆம் நாள் அக்கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து 50 மௌசர் கைத்துப்பாக்கிகளையும் 46,000 தோட்டாக்களையும் வங்கப் புரட்சியாளர்கள் கைப்பற்றிச் சென்ற சம்பவத்தை வரலாறு படித்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கடல் கடந்த அமெரிக்காவிலும் இதே கதைதான். கனெக்டிகட் மாநிலத்து நார்விச் நகரிலிருந்த கிரசென்ட் என்னும் ஒரே தொழிற்சாலை, கடைக்கு ஒரு பெயராக நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்களைப் பொறித்துத் துப்பாக்கிகளை அனுப்பிவந்தது.

இதை மோசடி என்று எண்ணிவிடக் கூடாது. காஞ்சிபுரம் பட்டுப் புடவையை எடுத்துக்கொள்வோம். பெட்டியின் மேல் கடையின் பெயர் பொன்னெழுத்தில் மின்னுகிறது. உள்ளேயிருக்கும் புடவைக்குப் பட்டு நூல் கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. சாயம் தோய்ப்பவர் ஒருவர், பாவு ஓடுபவர் ஒருவர், தறியில் அமர்ந்து நெய்பவர் வேறொருவர். கடைக்காரர் தம் பெயரைப் பொறிப்பதன் பொருள், ‘இதற்கு நான் உத்தரவாதம்’ என்பதே. துப்பாக்கிப் பட்டையின் மேலுள்ள பெயரும் அப்படிப்பட்டதே. அது உத்தரவாதம் அளித்தவரின் பெயர். செய்தவரின் பெயரை வேறிடத்தில்தான் தேடவேண்டும்.

எங்கே தேடுவது? நம் தர்க்க சாஸ்திரிகள் அறிவுக்கு வழிகளாகக் கூறிய பிரமாணங்களுள் மூன்று இங்கே நமக்குத் துணை செய்யும். ஒருவர் சொல்லக் கேட்டு அறிவது சப்தப் பிரமாணம்; பட்டையின் மேலுள்ள பெயரும், பாட்டனார் சொல்லிச் சென்ற கதையும் இவ்வகை. கண்ணால் கண்டு அறிவது பிரத்தியட்சம். இரும்பில் அடிக்கப்பட்டுள்ள முத்திரைகள் இவ்வகை. கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது அனுமானம். ‘இன்ன முத்திரை இருப்பதால் இன்ன ஆண்டுக்குப் பிற்பட்டது’ என்று துணிவது இவ்வகை. பழம்பொருள் ஆராய்ச்சியில் நேரும் பிழைகளுள் பெரும்பாலானவை, முதல் பிரமாணத்தை மட்டும் கேட்டுவிட்டு மற்ற இரண்டையும் கேளாமல் எழுந்து போவதனால் நேர்வனவே.

பெரியவர் முதலில் நெம்புகோலைத் தள்ளித் துப்பாக்கியை மடக்கி, இரு குழல்களையும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, உள்ளே ஒன்றுமில்லை என்பதை எனக்குக் காட்டினார். பிறகு முன்கட்டையைக் கழற்றினார். அதன் பின் குழல்கள் இரண்டும் சேர்ந்தாற்போல் கையோடு வந்துவிட்டன. அவற்றைக் குப்புறத் திருப்பித் துணியின் மேல் வைத்தபோதுதான், மேற்புறத்துப் பூவேலைப்பாடு எதுவுமில்லாத அந்தத் தட்டையான அடிப்பகுதியில், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய முத்திரைகள் வரிசையாக இருப்பது தெரிந்தது. எண்ணெயும் தூசும் பள்ளங்களில் அடைந்து கிடந்தன. துணியால் மெல்லத் துடைத்து, சாக்கட்டிப் பொடியை விரலால் தடவி, விளக்கொளியைப் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டியதும், எழுத்துகள் வெண்மையாக எழுந்து நின்றன. கோயில் சுவரில் மங்கிய எழுத்தை மைப்படி எடுக்கும் ஆராய்ச்சியாளரின் கைக்குத் தெரிந்த ஆனந்தத்தை அன்று நானும் சிறிது அறிந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது, ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே கிடக்கும் இரண்டு செங்கோல்கள், அவற்றின் மேல் ஒரு கிரீடம், செங்கோல்களின் இடுக்குகளில் ஆங்கிலத்தில் ‘பி, பி, சி’ என்னும் மூன்று எழுத்துகள். அதனருகே அதேபோன்ற கிரீடமும் செங்கோல்களும், அவற்றோடு ‘வி’ என்னும் எழுத்தும். இவை பர்மிங்காம் பரீட்சை மன்றத்தின் முத்திரைகள்.

பரீட்சை மன்றம் என்பது என்ன? தோட்டா வெடிக்கும் கணத்தில், மருந்து நொடிப்பொழுதில் வாயுவாகி, குழலின் சுவரை எல்லாத் திசைகளிலும் ஒரே சமயத்தில் தள்ளுகிறது. சுவரில் கண்ணுக்குத் தெரியாத பிளவோ மெலிவோ இருந்தால் குழல் அவ்விடத்தில் கிழிந்துவிடும். முன்கட்டையைப் பிடித்திருக்கும் இடக்கை அங்கேதான் இருக்கும். வாங்குகிறவன் தன் கையைக் கொடுத்து இதைச் சோதிக்கும்படி விடலாகாது என்று கருதி, வழக்கமான அளவைவிட மிகுந்த மருந்தை இட்டு, ஆள் எட்ட நின்று வெடித்துப் பார்த்து, அதில் தேறிய குழலுக்கு மட்டும் முத்திரை இடும் முறையைச் சட்டமாக்கினார்கள். இலண்டனில் துப்பாக்கி வினைஞர் கழகத்துக்கு 1637இல் அரச சாசனம் கிடைத்தது. பர்மிங்காமில் 1813ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பரீட்சை மன்றம் ஏற்பட்டது. பொன்னுக்கு உரைகல் எப்படியோ அப்படியே துப்பாக்கிக்கு இந்த மன்றம். இங்கிலாந்தில் செய்து நேர்மையாக விற்ற துப்பாக்கி எதுவும் இந்த முத்திரைக்குத் தப்பியதில்லை; ஆகவே கடைக்காரர் மேலே எந்தப் பெயரைப் பொறித்தாலும், அடியிலுள்ள முத்திரை பிறந்த ஊரைச் சொல்லிவிடும்.

ஊரை மட்டுமா சொல்கிறது? காலத்தையும் சொல்கிறது. பரீட்சை விதிகள் அவ்வப்போது திருத்தப்பட்டன. திருத்தம் வந்தபோதெல்லாம் முத்திரையின் வடிவமும் மாறியது. பெரியவரின் குழல்களில் செங்கோல் முத்திரையோடு, ஒரு சாய்சதுரக் கட்டத்துக்குள் ‘12’ என்ற எண்ணும் அதன் கீழே ‘சி’ என்ற எழுத்தும் இருந்தன. தோட்டா அமரும் அறையின் அளவைக் குறிக்கும் இந்தச் சாய்சதுரம் 1887ஆம் ஆண்டு விதிகளில்தான் வந்தது. செங்கோல் முத்திரையோ 1904ஆம் ஆண்டோடு மாறி, அதன் பின் கிரீடத்தின் கீழ் ‘பி.வி.’, ‘பி.பி.’ என்ற இணையெழுத்துகள் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆகவே இத்துப்பாக்கி 1887க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. 1904க்குப் பிற்பட்டதாகவும் இருக்க முடியாது. தேதி எழுதாத ஒரு பொருளின் பிறப்பைப் பதினேழு ஆண்டுகளுக்குள் அடக்கிவிட்டோம். தேதியில்லாத கல்வெட்டை எழுத்தின் வடிவத்தைப் பார்த்து ‘இது இன்ன நூற்றாண்டினது’ என்று கணிக்கும் அறிஞர் செய்வதும் இதுவே.

சாய்சதுரத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒவ்வொரு குழலிலும் ‘13’ என்ற எண் தனியே இருந்தது. பெரியவர் இதைக் கண்டு சிறிது கலங்கினார். “பன்னெண்டு போருன்னுதானே ஐயா புஸ்தகத்துல இருக்குது?” என்று கேட்டார். இதை விளக்கவேண்டுமானால் ‘போர்’ என்னும் அளவைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஒரு பவுண்டு எடையுள்ள தூய ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஒவ்வோர் உருண்டையும் ஏறக்குறைய 37.8 கிராம் இருக்கும். அதன் குறுக்களவு ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். அந்த உருண்டை சரியாக நுழையும் துளையே 12 போர். பதின்மூன்று உருண்டைகளாக்கினால் ஒவ்வொன்றும் சிறுக்கும். துளை 18 மில்லிமீட்டராகும். எண் கூடக்கூடத் துளை குறுகுவதன் ரகசியம் இதுதான். 12 போர் தோட்டாவுக்கு அறையை அமைத்து, அறைக்கு அப்பால் துளையைச் சற்று நெருக்கமாக 13ஆகக் கடைந்துவிடுவது அக்கால வினைஞர்களிடையே சகஜம். பரீட்சை மன்றத்தார் அளவுகோலை உள்ளே விட்டுப் பார்த்து, கண்டதைக் கண்டபடி பொறித்துவிட்டார்கள். கடைக்காரர் சொன்ன 12உம் மெய். குழல் சொன்ன 13உம் மெய். இந்த எண்ணுக்கு இன்னொரு பயனும் உண்டு. துருவைச் சுரண்டிச் சுரண்டித் துளை பெருத்துவிட்டதா என்பதை இன்று அளந்து இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பொறித்த அளவுக்கு மேல் பெருத்திருந்தால், அன்றைய பரீட்சை இன்றைய குழலுக்கு உத்தரவாதம் ஆகாது.

முத்திரைகளில் உள்ளதைப் போலவே இல்லாததும் பேசும். 1896ஆம் ஆண்டு விதிகள் முதல், புகையில்லா நைட்ரோ மருந்தைத் தாங்கும் என்று சோதித்த குழல்களுக்கு அதற்கென ஒரு தனிக் குறி உண்டு. அந்தக் குறி இங்கே இல்லை. வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த பழைய கரிமருந்துக்கு மட்டுமே இக்குழல்கள் சோதிக்கப்பட்டவை. குழல்களின் வெளிப்புறத்தைக் கூர்ந்து பார்த்தால் இதன் காரணமும் விளங்கும். அங்கே மழைநீர் வடிந்த ஆற்று மணலைப் போல, சுருள்சுருளாக, கரும்பழுப்பும் வெள்ளியுமாக ஒரு கோலம் ஓடுகிறது. இரும்புப் பட்டைகளையும் எஃகுப் பட்டைகளையும் அடுக்கிக் காய்ச்சி ஒரு கம்பியாக்கி, அக்கம்பியைக் கயிறுபோல் முறுக்கி, அத்தகைய கம்பிகள் இரண்டு மூன்றை இணைத்துப் பட்டையாக்கி, அப்பட்டையை ஓர் இரும்புத் தண்டின் மேல் சுருளாகச் சுற்றி, உலையில் செம்மையாகக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து ஒட்டவைத்த குழல் இது. பிறகு அமிலம் தடவும்போது இரும்பு ஒரு விதமாகவும் எஃகு வேறு விதமாகவும் நிறம் மாற, உள்ளே மறைந்திருந்த முறுக்கெல்லாம் கோலமாக வெளிப்படுகிறது. இதை ‘டமாஸ்கஸ் குழல்’ என்பார்கள்.

டமாஸ்கஸ் வாள் என்று உலகம் புகழ்ந்த வாள்களுக்கான உருக்கு நம் தென்னாட்டிலிருந்து சென்றது என்பதும், மேனாட்டார் அதற்கு வழங்கிய ‘வூட்ஸ்’ என்னும் பெயர் நம் ‘உருக்கு’, கன்னட ‘உக்கு’ என்னும் சொற்களின் திரிபாகக் கருதப்படுகிறது என்பதும் நாம் மகிழத்தக்க செய்திகள். ஆனால் மகிழ்ச்சியில் உண்மையை விட்டுவிடலாகாது. அந்த உருக்கு மூசையில் உருக்கி எடுக்கப்பட்டது. அதன் கோலம் உள்ளிருந்து தானே விளைந்தது. இந்தக் குழலின் கோலமோ முறுக்கி ஒட்டியதனால் வந்தது. பெயர் ஒன்றாயினும் பிறப்பு வேறு. ஒட்டிய இடங்களில் கசடு சிக்கியிருக்கலாம். கரிமருந்து எரிந்தபின் தங்கும் உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு அந்த ஒட்டுகளை உள்ளிருந்து அரித்திருக்கலாம். வெளியே கோலம் எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. ஆகவே நூறாண்டு கடந்த இத்தகைய குழலில் இன்றைய கடைத் தோட்டாவை இட்டுச் சுடுவது தன் கையைத் தானே பணயம் வைப்பதாகும். பெரியவரிடம் இதைத்தான் முதலில் சொன்னேன்.

அடுத்துத் துப்பாக்கியின் யந்திர அமைப்பு ஒரு சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒவ்வொரு புதுமையும் தேதியோடு காப்புரிமை பெற்றது. குழலைப் பூட்டும் இரட்டைத் தாழை ஜேம்ஸ் பர்டி 1863இல் பதிவு செய்தார். மேலே கட்டைவிரலால் தள்ளும் நெம்புகோலின் சுழல்தண்டு 1865இல் பர்மிங்காம் ஸ்காட் குடும்பத்தினர் பெற்ற காப்புரிமை. வெளியே தெரியும் குதிரைகளை உள்ளே மறைத்து, குழலை மடக்கும்போதே அவை தாமாக ஏறிக்கொள்ளும்படி செய்த அமைப்பை வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆன்சன், டீலி என்னும் இருவர் 1875இல் கண்டனர். இந்தத் துப்பாக்கிக்குக் குதிரைகள் வெளியே இருக்கின்றன. நெம்புகோல் மேலே இருக்கிறது. நெம்புகோலைக் கொண்டு ‘1865க்குப் பிற்பட்டது’ எனத் துணியலாம். வெளிக்குதிரையைக் கொண்டு ‘1875க்கு முற்பட்டது’ எனத் துணிவது பிழை. புதியது வந்த பின்னும் பழையதை விரும்பி வாங்குவோர் நெடுங்காலம் இருந்தனர். ஒரு பொருள் தன்னிடமுள்ள மிகப் புதிய உறுப்பைவிட முற்பட்டதாக இருக்க முடியாது. மிகப் பழைய உறுப்பைவிடப் பிற்பட்டதாக இருக்கத் தடையில்லை. இந்தச் சூத்திரம் துப்பாக்கிக்கு மட்டுமன்று, கோயில் கோபுரத்துக்கும் ஓலைச்சுவடிக்கும் பொருந்துவது.

பெயரே பொய்யான துப்பாக்கிகளும் உண்டு என்பதை இங்கே எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும். புகழ்பெற்ற ஆங்கில வினைஞர்களின் பெயரைச் சற்றே மாற்றிப் பொறித்த மலிவான துப்பாக்கிகள் பெல்ஜியத்து லீஜ் நகரிலிருந்து உலகெங்கும் சென்றன. ‘வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ்’ என்பதை நினைவூட்டும்படி ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ என்று பொறித்தவை அவற்றுள் பெயர்போனவை. ஆனால் லீஜ் நகரத்துக்கும் ஒரு பரீட்சை மன்றம் இருந்தது. முட்டை வடிவக் கோட்டுக்குள் ‘இ.எல்.ஜி.’ என்னும் மூன்றெழுத்து முத்திரையும், 1893 முதல் அதன் மேல் ஒரு கிரீடமும் அந்நகரத்தின் அடையாளம். மேலே ஆங்கிலப் பெயர், அடியில் முட்டை வடிவ முத்திரை என்றால், அடிமுத்திரையை நம்புக.

இவ்வளவும் ஊரையும் காலத்தையும் தந்தன. ஆள் யார்? பர்மிங்காமில் புனித மேரி ஆலயத்தைச் சூழ்ந்த வீமன் தெரு, லவ்டே தெரு, பாத் தெரு முதலிய குறுகிய தெருக்கள் துப்பாக்கி வினைஞர் குடியிருப்பாக விளங்கின. அங்கே ஒருவரே ஒரு முழுத் துப்பாக்கியைச் செய்வது அரிது. குழல் ஒட்டுபவர், துளை கடைபவர், குழலிரண்டையும் இணைத்து அரம் போடுபவர், பூட்டு செய்பவர், வாதுமை மரத்தில் அடிக்கட்டை செதுக்குபவர், பூவேலை வெட்டுபவர், நிறமேற்றுபவர் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வீடு, ஒரு பட்டறை. முடியாத துப்பாக்கியைச் சிறுவர்கள் ஒரு பட்டறையிலிருந்து மறு பட்டறைக்குச் சுமந்து சென்றனர். பூட்டுகள் பல பக்கத்து ஊரான உல்வர்ஹாம்ப்டனிலிருந்து வந்தன. அவ்வூர்ப் பிரேசியர் குடும்பத்தின் பூட்டுகளுக்கு அந்நாளில் தனி மதிப்பு. தான் செய்த உறுப்பு எது என்று கூலிக்கணக்குக்குத் தெரியவேண்டும் அல்லவா? அதற்காக ஒவ்வொருவரும் வெளியே தெரியாத இடத்தில் தம் பெயரின் முதலெழுத்துகளைச் சிறிதாக அடித்துவைத்தனர்.

பெரியவரின் குழல்களுக்கு அடியில், இரண்டும் சேரும் பள்ளத்தில், அப்படிப்பட்ட இரண்டு எழுத்துகள் இருந்தன. முன்கட்டையின் இரும்பின் உட்புறத்தில் வேறு இரண்டு எழுத்துகள். வரிசை எண் ஒன்று மூன்று இடங்களில் ஒரே மாதிரியாக இருந்தது. குழலும் உடலும் முன்கட்டையும் பிறந்தநாள் முதல் பிரியாதவை என்பதற்கு அது சாட்சி. இத்தகைய வரிசை எண்ணின் பெருமை, எங்கோ ஒரு பழைய பேரேட்டில் அதற்கு நேராக ஒரு வரி எழுதப்பட்டிருக்கும்போதுதான் விளங்கும். ஜிம் கார்பெட்டின் ரைஃபிள் இதற்குச் சிறந்த உதாரணம். 436 உயிர்களைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் புலியை 1907இல் அவர் வீழ்த்தியதற்காக, ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநர் சர் ஜான் ஹியூவெட் அவருக்கு அதைப் பரிசளித்தார். வாங்கிய கடை கல்கத்தா மாண்டன். செய்து அனுப்பியது இலண்டன் ரிக்பி; அது மாண்டனுக்குச் சென்றதை ரிக்பியின் பேரேடு இன்றும் சொல்லும். ஆனால் அதன் இதயமான பூட்டியக்கம் ஜெர்மனியில் ஓபர்ன்டார்ப் நகரத்து மௌசர் ஆலையில் பிறந்தது. கொடுத்தவர், விற்றவர், செய்தவர், உறுப்பைச் செய்தவர் என ஒரு பொருளுக்கு நான்கு பெயர்கள், நான்கும் மெய். பேரேடு பிழைத்திருந்ததனால் நான்கும் நமக்குக் கிடைத்தன.

பெரியவரின் துப்பாக்கிக்கு அத்தகைய பேரேடு வாய்க்கவில்லை. ‘பர்மிங்காம் நகரில், 1887க்கும் 1904க்கும் இடையே, ஒரு தெருவே கூடிச் செய்து, சென்னையில் பி. ஆர் அண்ட் சன்ஸ் உத்தரவாதத்தோடு விற்ற துப்பாக்கி’ என்பதே என் தீர்ப்பு. இந்தத் தீர்ப்பில் குறை ஏதும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ‘செய்தவர் யார்?’ என்று ஒருமையில் கேட்ட கேள்விக்கு இரும்பு பன்மையில் விடை சொல்லியிருக்கிறது. கேள்வியைத்தான் நாம் திருத்திக்கொள்ளவேண்டும். கடல் கடந்த அந்தத் தெருவுக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. அதே கடை விற்ற ‘சுவாமி வெள்ளி’ என்னும் பாத்திரங்கள், தெய்வத் திருவுருவங்கள் புடைத்து நிற்கும் தேநீர்க் குவளைகளும் கிண்ணங்களும், இன்று உலகத்து அருங்காட்சியகங்களிலும் ஏலக்கூடங்களிலும் அக்கடையின் பெயராலேயே வழங்குகின்றன. அவற்றை அடித்து உருவாக்கிய கைகள் நம் நாட்டுத் தட்டார்களின் கைகள். பர்மிங்காம் வினைஞனும் தமிழ்நாட்டுத் தட்டானும் ஒரே பெயரின் கீழ் மறைந்திருக்கிறார்கள். முன்னவனுக்காவது இரண்டெழுத்து மிஞ்சியது.

துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்த பெரியவர், “அப்போ புஸ்தகத்துல இருக்குறத மாத்தணுங்களா ஐயா?” என்று கேட்டார். உரிமப் புத்தகம் அரசாங்கத்தின் பதிவு. அதில் நாம் கைவைக்க வேண்டாம். ஆனால் ஒரு தனி நோட்டில், முத்திரைகளைப் பார்த்தபடியே வரைந்து, எண்களையும் எழுத்துகளையும் இடம் குறித்து எழுதி, ஒரு புகைப்படத்தையும் ஒட்டி வைக்கும்படி சொன்னேன். பள்ளியில் படிக்கும் அவர் பேத்தி அன்றே அதைச் செய்தாள். பழைய துப்பாக்கி வைத்திருக்கும் எல்லோரையும் நான் வேண்டிக்கொள்வதும் இதுவே. பளபளப்புக்காக உப்புத்தாள் கொண்டு தேய்க்காதீர்கள். தேய்ந்த முத்திரை திரும்ப வராது. சுட்டுப் பார்க்காதீர்கள். பழையதாயிற்றே, உரிமம் எதற்கு என்று இருந்துவிடாதீர்கள். பழுது பார்த்தாலும் சுட இயலாத நிலையிலுள்ள தொன்மைப் பொருளுக்கு மட்டுமே 1959ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கு அளிக்கிறது. உரிமம் உடையவர் காலமானால் ஆயுதத்தைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டுப் பிறகு ஆகவேண்டியதைப் பாருங்கள். ஒப்படைக்கும் முன் அடிமுத்திரைகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் வைகுண்டப் பெருமாள் கோயிலில் சிறிது நேரம் நின்றேன். குடத்தில் ஓலையிட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்லும் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, மதுரையை வென்ற பரகேசரியாகிய பராந்தக சோழனின் பெயரோடு தொடங்குகிறது. அவன் ஆணையால் வந்து உடனிருந்த அதிகாரி சோமாசிப் பெருமானின் பெயரைச் சொல்கிறது. சபையோர் கூடிச் செய்த முடிவை விவரிக்கிறது. எல்லாம் முடிந்தபின், சபையோர் பணிக்க இதை எழுதினேன் என்று, அவ்வூர் மத்தியஸ்தன் காடாடிப்போத்தன் சிவக்குறி இராஜமல்லமங்கலப்பிரியன் தன் பெயரையும் எழுதிவைத்திருக்கிறான்.